அப்பாவின் கையெழுத்தைக் கேட்கும் உதவித்தொகை

கல்லூரிக்குப் போக நினைக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்கத் தமிழ்நாட்டில் திட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு உதவித்தொகை உண்டு. 1944இல், வெள்ளையர் ஆட்சியிலேயே வேர்விட்ட திட்டம் அது. அவர்கள் தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணை சொல்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனியே உதவித்தொகை இருக்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, சாதியும் பார்க்காமல் வருமானமும் பார்க்காமல், 2010 முதல் கட்டணச் சலுகை கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது, பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு கிடைத்துவிட்டால் கட்டணம், விடுதி எல்லாம் அரசின் செலவு. இத்தனைக்கும் மேல் வங்கிகளின் கல்விக்கடன். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்க, தமிழ்நாடு 47ஐத் தொட்டது சும்மா நடந்ததல்ல.

அந்த 47இல் சேராதவர்கள் யார்? திட்டங்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. விண்ணப்பப் படிவங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லாப் படிவமும் மாணவரைக் கூப்பிட்டு வைத்து அவருடைய குடும்பத்தைத்தான் விசாரிக்கிறது. பெற்றோரின் வருமானச் சான்று, பெற்றோரின் சாதிச் சான்று, குடும்ப அட்டை, வீட்டில் வேறு பட்டதாரி யாரும் இல்லை என்ற உறுதிமொழி, வங்கிக்குப் போனால் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட அப்பாவோ அம்மாவோ. வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து நிற்க ஓர் அப்பா, பீரோவில் பழைய காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் ஓர் அம்மா, இ-சேவை மையத்தில் விவரம் தெரிந்து பேச ஒரு சித்தப்பா. இப்படி ஒரு வீடு பின்னால் நிற்கும் ஏழைக்காகவே நம் உதவி ஏற்பாடு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வீடே இல்லாத ஏழை அதன் கணக்கில் வருவதில்லை. உதவித்தொகையின் அளவைக் கூட்டுவது பற்றித்தான் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பேசுகிறோம். தான் உதவிக்குத் தகுதியானவர் என்று நிரூபிக்கும் சுமையை அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வைப்பதுதான் அதைவிட அவசரமான வேலை என்பது என் வாதம்.

முதலில் பெற்றோர் இல்லாதவர்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சாதி அல்லாத ஒரு பிரிவு இருக்கிறது: ஆதரவற்ற குழந்தைகள். நல்ல மனதோடு சேர்த்ததுதான். ஆனால் அதற்குள் நுழைய என்ன வேண்டும் என்று பாருங்கள். பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்திருக்க வேண்டும். சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இருக்கக் கூடாது. அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பதினொன்றாம் வயதில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இதில் இடமில்லை. கூலி வேலைக்குப் போகும் பாட்டி வளர்த்த பேரனுக்கும் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பதினெட்டு வயது வரைதான். கல்லூரி தொடங்குவதும் அதே பதினெட்டில்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞருக்கு நிதியுதவி தர வழி செய்கிறது, மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று ஒரு தொகையும் இருக்கிறது. பத்து ஆண்டு ஒரே கூரையின் கீழ் வளர்ந்துவிட்டு, பிளஸ் டூ முடிவு வருகிற அதே பருவத்தில் படுக்க இடம், சாப்பாடு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு அத்தனையையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையிடம் போய், உன் குடும்ப வருமானம் எவ்வளவு என்று கேட்கிறது படிவம்.

அப்பா உயிரோடு இருந்தும் இல்லாத வீடுகள் இன்னொரு ரகம். இறந்த அப்பாவுக்கு இறப்புச் சான்று உண்டு. ஓடிப்போன அப்பாவுக்கு என்ன சான்று? கணவரால் கைவிடப்பட்டவர் என்று அந்த அம்மா அரசிடம் ஒரு சான்றிதழ் வாங்கலாம்தான். அதற்கு ஊரார் முன்னால் விசாரணை நடக்கும். மகளின் உதவித்தொகைக்காகத் தன் குடும்ப மானத்தைக் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் விரித்துக் காட்ட எத்தனை பெண்கள் முன்வருவார்கள்? அப்பாவின் பெயரைப் போட்டு, தெரிந்த வருமானத்தை எழுதி, கையெழுத்துக்காக அவரைத் தேடிப்பிடிப்பதே பல வீடுகளில் நடப்பது. பிடிபடாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

பழங்குடி மாணவர்களின் கதை இதைவிடச் சிக்கலானது. ஆதிதிராவிடர் சாதிச் சான்றை வட்டாட்சியரே தந்துவிடலாம். பழங்குடிச் சான்று மட்டும் கோட்டாட்சியர் கையிலிருந்து வர வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. விளைவு என்னவென்றால், யாருக்கு அலுவலகம் அதிகத் தூரமோ அவருக்கே உயர்ந்த அதிகாரி. சான்று கேட்கும் இருளர் மாணவரிடம் அப்பாவின் சான்று எங்கே என்பார்கள். அப்பாவிடம் சான்று இருந்திருந்தால் அவர் செங்கல் சூளையில் ஏன் கிடந்திருப்பார்? இதற்கும் மேலே ஒரு விசித்திரம் உண்டு. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற இனம் மாவட்டப் பெயர்களோடுதான் எழுதப்பட்டிருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. ஈரோடு மாவட்டம் அதில் இல்லை. ஆகவே பர்கூர் மலையில் பிறந்த மலையாளி இளைஞர், சேலத்து மலையில் இருக்கும் தன் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் பழங்குடி உதவித்தொகையைக் கேட்க முடியாது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. அதற்கு முன்பு படிப்பை விட்ட தலைமுறைக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்குச் சிக்கல் குடியுரிமையில் இருக்கிறது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்தாலும் அவர்கள் இந்தியக் குடிமக்கள் அல்லர். மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது, வங்கிக் கல்விக்கடனும் கிடையாது. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு இவர்களுக்கான கல்வி உதவியை நான்கு மடங்காக்கியது. கலை அறிவியல் படிப்புக்கு 3,000 ரூபாயாக இருந்தது 12,000 ஆனது. பொறியியலுக்கு 5,000 ரூபாய் 20,000 ஆனது. கடன் என்ற கதவே இல்லாதவருக்கு இது பெரிய தொகைதான். ஆனால் பொறியியல் கல்லூரியில் ஓராண்டுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் மீதியை யார் போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. திருநர் மாணவர்களுக்கு வேறு சிக்கல். 2015இல் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024-25 பட்ஜெட் அறிவித்தது. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வீட்டை விட்டு வந்ததால் குடும்ப அட்டையில் பெயரே இல்லை என்ற நிலையில் அந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டு எந்த ஜன்னலில் போய் நிற்பது?

காகிதம் ஒரு சின்னத் தொல்லை, படிக்க நினைப்பவர் எப்படியாவது கடந்துவிடுவார் என்று நினைப்போர் உண்டு. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவி பெற ஒவ்வொரு மாணவரும் மத்திய அரசின் ஒரு நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். 2008இல் ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் நகரிலும் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜட் டெரி லாங் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வருமான வரிக் கணக்கு எழுதித்தரும் எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, வரிக் கணக்கில் இருந்த விவரங்களைக் கொண்டே அந்தப் படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். சுமார் பத்து நிமிட வேலை. இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, படிவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். படிவம் நிரப்பித் தரப்பட்ட வீடுகளின் பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. விழிப்புணர்வு முகாம், துண்டறிக்கை, சுவரொட்டி என்று பணத்தைக் கரைக்கும் நம் துறைகள் இந்த இரண்டாவது முடிவைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2015இல் தொடங்கிய இன்னொரு சோதனை அதைவிட முக்கியமானது. அந்த மாநிலத்தின் ஏழை மாணவர்களில் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது என்று வீட்டுக்கே கடிதம் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு விண்ணப்பித்திருந்தால் எப்படியும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். அதாவது புதிதாகப் பணம் ஒன்றும் தரவில்லை. 'கிடைக்கலாம்' என்று இருந்ததைக் 'கிடைக்கும்' என்று முன்கூட்டியே உறுதி செய்தார்கள், அவ்வளவுதான். கடிதம் பெறாதவர்களில் 26 சதவீதம் பேர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள். ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வருமானச் சான்று கேட்கவில்லை. பள்ளியில் இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு சாப்பிட்டவர்களின் பட்டியல் அரசிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். சத்துணவைக் கண்டுபிடித்த மண்ணுக்கு இந்த யோசனை அந்நியமாக இருக்கக் கூடாது.

அமெரிக்காவை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியுமா என்று கேட்பது நியாயம்தான். அங்கே பிரதான மதில் படிவம். இங்கே மதில்கள் பல. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வயதுப் பையன் கொண்டுவரும் வாரக் கூலியை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை ஈடுகட்டாது. பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்ப மறுக்கும் வீட்டை வருமானச் சான்று விவகாரம் மாற்றிவிடாது. பட்டம் வாங்கியும் வேலை இல்லாமல் திரிபவர்களைப் பார்த்த தம்பிமார்கள் படிப்பின் மேல் நம்பிக்கை இழப்பதும் உண்மை. படிவத்தைச் சுருக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்த மதில்களில் அரசாணை ஒன்றினால் இடிக்கக் கூடியது காகித மதில் ஒன்றுதான். அதை இடிக்காமல் மற்றவற்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. நம் ஊரிலேயே சான்றும் இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தைப் பாருங்கள். சாதிச் சான்று வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தாரா என்பது ஒன்றே கேள்வி. அதற்கான விடை எமிஸ் எனும் பள்ளிக்கல்வித் தகவல் தளத்தில் அரசிடமே இருக்கிறது. விண்ணப்பத்தைக் கல்லூரியே பார்த்துக்கொள்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் தந்த திருமண உதவித் திட்டம், மாதாந்தரப் படிப்புப் பணமாக மாறியதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். கேட்கப்படும் காகிதம் குறைந்தது பற்றி அதிகம் பேர் எழுதவில்லை; என் கண்ணுக்கு அதுதான் அந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை. குறையும் அங்கேதான். பெற்றோரோடு ஊர் ஊராகப் பிழைக்கப் போய், இடையில் வேறு மாநிலத்தில் இரண்டு வகுப்பு படித்த பெண், தொடர்ச்சியான பள்ளிப் பதிவு இல்லாததால் வெளியே நின்றுவிடுவாள்.

காகிதத்தைத் தாண்டினாலும் காலம் இருக்கிறது. 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. அப்பா தினக்கூலித் தொழிலாளி. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். 24ஆம் தேதி மாலை 5 மணி கடைசி. பணம் புரட்டி முடிக்கும்போது நேரம் போய்விட்டது, இடமும் போய்விட்டது. நுழைவுத்தேர்வை அந்த ஆண்டு சென்னை ஐஐடி நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்த அவருக்கு, செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுக் கொடுத்தது. ஐஐடிகளில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இதன் கொடுமை புரியும். நான்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த அரசு, முதல் நாள் மாலை 17,500 ரூபாய்க்குக் கதவை மூடியது. உச்ச நீதிமன்றம் வரை போகத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு யாரிடமும் இருக்க வழியில்லை.

நம் உதவித்தொகைகளிலும் இதே கோளாறுதான். கல்லூரி ஜூனில் கட்டணம் கேட்கும். உதவித்தொகை ஆண்டின் பிற்பகுதியில் வரும், சில சமயம் அடுத்த ஆண்டு வரும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உதவித்தொகைக்கு ஐந்து ஆண்டுக்கு 59,048 கோடி ரூபாய் ஒதுக்கி, செலவில் 60 சதவீதத்தைத் தான் ஏற்பதாக முடிவெடுத்தது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் 1.36 கோடி ஏழை மாணவர்களை உயர்கல்விக்குள் கொண்டுவருவது அப்போது சொன்ன இலக்கு. பணம் கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் கணக்குக்கே நேராகப் போகும் என்றும் மாற்றினார்கள். கல்லூரிகள் இடையில் புகுந்து விளையாடுவதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அரசு தாமதிக்கும் நாட்களில் கல்லூரி இப்போது அரசைக் கேட்பதில்லை, மாணவரைக் கேட்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப நகை இருக்கும் வீடு நகையை வைக்கும், மற்றவர்கள் மீட்டர் வட்டிக்காரரிடம் போவார்கள். யாரும் இல்லாத பிள்ளைக்குக் கந்துவட்டிக்குக்கூடக் கடன் கிடைக்காது.

சான்றுகளைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பது அதிகாரிகள் சொல்லும் முதல் ஆட்சேபம். மோசடி இல்லாமல் இல்லை. மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைத் திட்டங்களில் 1,572 கல்வி நிறுவனங்களை ஆராய்ந்தபோது 830 போலி என்று தெரிந்தது. 2017 முதல் 2022 வரையில் 144.83 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டு, 2023இல் விவகாரம் சிபிஐக்குப் போனது. இந்தப் பணத்தைச் சுருட்டியது படிவத்தைத் தப்பாக நிரப்பிய ஏழைப் பிள்ளையா? படிவங்களைக் கரைத்துக் குடித்தவர்கள். இல்லாத கல்லூரிக்கு ஆவணம் உண்டாக்கத் தெரிந்தவருக்கு, இல்லாத மாணவருக்கு வருமானச் சான்று உண்டாக்குவது ஒரு பெரிய காரியமா? சான்று எண்ணிக்கை கூடக்கூட அதை உற்பத்தி செய்யத் தெரிந்தவருக்கு லாபம், உண்மையாகவே இல்லாதவருக்கு நட்டம். மோசடியைத் தடுக்க வேண்டிய இடம் நிறுவனம்; நாம் வடிகட்டிக்கொண்டிருப்பது மாணவரை. வசதியானவர் சிலரும் உதவி பெற்றுவிடுவார்களே என்றால், பெறட்டும். ஒவ்வொருவரின் வருமானத்தையும் ஆண்டுதோறும் விசாரிக்க வருவாய்த் துறை செலவழிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டு அந்த நட்டத்தைப் பேசலாம்.

இரண்டாவது ஆட்சேபம் அலுவலகங்களைவிட வீட்டுத் திண்ணைகளில் அதிகம் கேட்கும்: உண்மையான ஆர்வம் இருப்பவன் தேடி வந்து வாங்கிக்கொள்வான், இழுத்து வந்து கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவான். ஒஹையோ முடிவு இதற்குத்தான் பதில். அங்கே அளந்தது கல்லூரியில் பெயர் பதிந்தவர்களை மட்டுமல்ல, இரண்டு ஆண்டு படித்து முடித்தவர்களையும்தான். படிவம் நிரப்பித் தரப்பட்டதால் கூடுதலாக வந்தவர்கள் பாதியில் ஓடிவிடவில்லை. தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று ஜெயிப்பதற்கும் இயற்பியல் படிப்பதற்கும் வேண்டிய திறமைகள் வேறு வேறு. முதலாவதில் தோற்றவரை இரண்டாவதற்கு லாயக்கில்லை என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

எல்லாம்தான் ஆன்லைன் ஆகிவிட்டதே என்பது மூன்றாவது. ஆகியிருக்கிறது. காகிதத்தில் இருந்த சிக்கலை அப்படியே திரைக்கு மாற்றியிருக்கிறோம். ஆதாரை வங்கிக் கணக்கில் சேர்த்துவிட்டேன் என்று மாணவர் நினைத்துக்கொண்டிருப்பார். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அது போதாது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் தளத்தில் அந்தக் கணக்கு தனியாக இணைக்கப்பட வேண்டும். கடைசியாக எந்தக் கணக்கு இணைந்ததோ அதற்குத்தான் பணம் போகும். விடுதியில் சேரும்போது புதுக் கணக்கு, பகுதிநேர வேலைக்கு இன்னொரு கணக்கு என்று திறந்த பிள்ளைக்கு எந்தக் கணக்கில் எது வந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு படிப்பு. தொழில்நுட்பம் கோளாறானால் முதலில் அடிபடுவது யார் என்பதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் கிடைக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைச் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து 2023 டிசம்பர் கடைசியில், மூன்று மாதத் தாமதத்தோடு, புதுப் படிவத்தை இணையத்தில் ஏற்றினார்கள். பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத மாணவர்களால், அதாவது குடியேறிகளின் பிள்ளைகளால், அதை முடிக்கவே முடியாமல் மாதக்கணக்கில் திண்டாட்டம். பெற்றோரையே ஆதாரமாக வைக்கும் படிவத்தை எவ்வளவு சுருக்கினாலும் கடைசியில் அது இந்த இடத்தில்தான் வந்து மாட்டும்.

அந்தப் படிவத்துக்கு அடிப்படையான அமெரிக்கச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. பதின்மூன்று வயதுக்குப் பிறகு எப்போதாவது அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர், பெற்றோரை இழந்தவர், வீடின்றித் தனியே வாழ்பவர் ஆகியோரை அது சார்பற்ற மாணவர் என்று தனி வகையாக வைக்கிறது. அவர்களிடம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கவே கூடாது. ஒருமுறை அந்த நிலையை உறுதி செய்துவிட்டால், மாறான தகவல் வராத வரை, அந்தக் கல்லூரியில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் அது செல்லும். அனாதையானவர் இந்த ஆண்டும் அனாதைதானா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே செய்ய வேண்டியவற்றுக்கு விதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நான் முதல்வன் திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்களில், பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களை அழைத்து, வருவாய்த் துறை, வங்கி, கல்லூரி ஆட்களை ஒரே இடத்தில் உட்கார வைக்கிறார்கள். ஒஹையோவில் செய்ததன் தமிழ்நாட்டு வடிவம் இது. ஆனால் சேர்க்கை நழுவிய பிறகு நடக்கும் முகாம் இது. இதையே பதினொன்றாம் வகுப்பிலேயே நடத்தினால் சான்றுகள் தேர்வு முடிவுக்கு ஓராண்டு முன்பே கையில் இருக்கும். அந்தியோதயா அட்டை இருக்கும் வீட்டிடம் வருமானச் சான்று கேட்பதை நிறுத்தலாம். அந்த வீடு ஏழை என்று அரசே முடிவு செய்து அரிசி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அட்டையே இல்லாதவருக்குத் தலைமையாசிரியர் அல்லது குழந்தைகள் நலக் குழுவின் கடிதத்தை ஏற்கலாம். உனக்கு எந்த உதவி, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று மிச்சிகன் பாணியில் ஒரு கடிதத்தை எமிஸ் பட்டியலை வைத்தே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பலாம். சேர்க்கைக் கட்டணத்துக்கு மாவட்ட ஆட்சியர் கையில் ஒரு முன்பண நிதி இருந்தால், உதவித்தொகை வந்ததும் அதிலேயே கழித்துக்கொள்ள முடியும்.

கல்விக்கடனில் மாற்ற வேண்டியது இன்னும் தெளிவானது. 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையும் வெளியார் ஜாமீனும் தேவைப்படாதபடி 2015இலேயே மத்திய அரசு ஒரு உத்தரவாத நிதி ஏற்படுத்திவிட்டது. கடன் வராமல் போனால் பெரும்பகுதியை அந்த நிதி வங்கிக்கு ஈடுசெய்யும். அப்படியிருந்தும் பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாக வேண்டும் என்ற விதி தொடர்கிறது. பெற்றோரின் கடன் மதிப்பெண் மோசம் என்பதற்காகப் பிள்ளைக்குக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பெற்றோரே இல்லாதவர் விஷயத்தில் அந்தத் தர்க்கம் இன்னும் ஒரு படி போக வேண்டாமா? இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை இணைக் கையெழுத்தாளராக ஏற்க வங்கிகளுக்கு உத்தரவு போட்டால் முடிகிற வேலை.

அந்த அலுவலரிடம் இன்னொன்றும் இருக்கிறது. தன் மாவட்டத்து இல்லங்களில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டத்தின் கட்டாயம். அடுத்த ஜூனில் யார் யார் பதினெட்டை முடிக்கிறார்கள், அவர்களில் யார் பிளஸ் டூ எழுதுகிறார்கள் என்பது இந்த ஆண்டே அவருக்குத் தெரியும். ஒரு மாவட்டத்துக்கு அது சில நூறு பேரைத் தாண்டாத பட்டியல்தான். சாதிச் சான்றோ, இல்லாவிட்டால் ஆதரவற்றோர் சான்றோ, வங்கிக் கணக்கும் அதன் ஆதார் இணைப்பும், பொறியியல் கலந்தாய்வுக்கோ கலைக் கல்லூரிக்கோ விண்ணப்பம், விடுமுறையில் விடுதி மூடும்போது தங்க ஓரிடம் ஆகிய நான்கையும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஜனவரிக்குள் எழுதி முடிக்க ஓர் ஆள் போதும். மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கினால் எத்தனை ஆட்கள் இருந்தாலும் போதாது.